களியும் தண்டாலும்

கேள்வி: ஜிம்முக்குப் போக வசதியில்லை. ராகிக் களிதான் சாப்பாடு. வீட்டிலேயே உடம்பை ஏற்ற முடியுமா?
- ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: தாராளமாக முடியும், தம்பி. தண்டாலும் பஸ்கியும் போதும். ஆனால் சுமை கூடிக்கொண்டே போனால்தான் தசை வளரும். தண்டால் 20 எளிதாகிவிட்டதா? காலைத் திண்ணைமேல் வைத்து எடுங்கள். பஸ்கிக்கு முதுகில் மணல் மூட்டை. வாரம் 3 நாள். இடையில் ஓய்வு கட்டாயம்.

களியை விடாதீர்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அபாரம். புரதம்தான் குறைவு, 100 கிராம் மாவில் சுமார் 7 கிராம். கொள்ளில் அது 22 கிராம்! களிக்குக் கொள்ளுக் கடைசல், கூடவே 2 முட்டை, மாலையில் வேர்க்கடலை. 60 கிலோ எடைக்குத் தினம் 90 கிராம் புரதம் வரை இலக்கு வையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் உடம்பு ஏற ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்பவரிடம் நெருங்கவே வேண்டாம். அது இதயத்தைக் கெடுக்கும்.