ஆசிரியர் பயிற்சியும் பள்ளி ஆலோசகர் பயிற்சியும்

தைக்காட்டிலுள்ள அரசு ஆசிரியர் கல்விக் கல்லூரியும் அதையடுத்த மாதிரிப் பள்ளியும் திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் அனைவரும் அறிந்தவை. ஆசிரியராக விரும்புவோர் மாணவர்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பயில வேண்டும் என்னும் எண்ணத்தில் எழுந்த அமைப்பு அது. நான் பி.எட். பயின்ற நாளில் அது ஓராண்டுப் படிப்பு. ஹெர்பார்ட் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்கிய ஐந்து படிகளில் பாடக்குறிப்பு எழுதுவதிலேயே பெரும்பொழுது கழியும். வகுப்பில் நின்று கற்பித்த நாட்கள் குறைவு. 2014ஆம் ஆண்டு விதிகளின்படி 2015 முதல் இது இரண்டாண்டாயிற்று. பள்ளியில் இருந்து பயில 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன்.

பின்லாந்தில் 1979 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும். பல்கலைக்கழகங்களே பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. நம் கேரளத்திலோ சிறு குழந்தைக்குக் கற்பிக்க மேனிலைக் கல்விக்குப் பின் இரண்டாண்டுப் பட்டயமும் தகுதித் தேர்வும் போதும். முதுகலை கேட்பது மேனிலை வகுப்புகளுக்குத்தான். குழந்தை சிறியதானால் ஆசிரியர் படிப்பும் சிறியதாகலாம் என்று யார் முடிவு செய்தார்களோ! இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இரண்டாண்டு தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு முழுவதும் பள்ளியில் பணியாற்றிப் பயில்கிறார்கள். சிங்கப்பூரில் அரசு முதலில் வேலைக்கு எடுத்துக்கொண்டு, சம்பளமும் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்புகிறது.

பள்ளி ஆலோசகர் கதை வேறு. 1957இல் ருஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், 1958இல் ஒரு கல்விச் சட்டம் இயற்றியது. அறிவியல் திறமையுள்ள மாணவரைக் கண்டுபிடிக்க ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கவும் அதில் பணம் ஒதுக்கப்பட்டது. மாணவரின் மனக்கவலையைக் கேட்கும் பணி இதனோடு பின்னர் பெரிதும் இணைந்தது. இன்று அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஆலோசகருக்கு முதுகலைப் பட்டமும், அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் பயிற்சியும் தேவை. 250 மாணவருக்கு ஒருவர் என்பது அவர்களது சங்கத்தின் பரிந்துரை.

இந்தியாவும் இதில் பிந்தியதல்ல. வழிகாட்டுதலுக்கென மத்திய அரசு டெல்லியில் 1954இலேயே ஒரு நிறுவனம் தொடங்கியது. கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை பள்ளிகளில் ஆலோசகர்களை அமர்த்தியுள்ளது. உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்தவர்கள் இவர்கள். மேனிலைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே குறுகிய பயிற்சி பெற்று 'சௌஹிருத' ஒருங்கிணைப்பாளராக இருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. மூணாறிலும் சித்தூரிலும் தமிழ்வழிக் குழந்தைகள் படிக்கிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வைக் கேரளத்தில் தமிழிலும் எழுதலாம். கற்பிப்பவருக்குத் தமிழ் வேண்டும் என்பதை அரசு ஏற்றுள்ளது. ஆனால் ஆலோசகர் என்று வரும்போது மொழி பற்றிய பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை. கணக்கை மலையாளத்தில் புரிந்துகொள்ளும் பிள்ளை, அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதை எந்த மொழியில் சொல்லும்?

இதற்குப் புதிய கல்லூரி வேண்டியதில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் நடத்தும் வழிகாட்டுதல் பட்டயப் படிப்பில், 6 மாதம் வீட்டிலிருந்தும் 3 மாதம் நேரிலும் பயின்று, 3 மாதம் சொந்த ஊரில் செய்முறைப் பயிற்சி பெறலாம். பணியிலுள்ள ஆசிரியரும் சேரலாம். மைசூரிலும் மையம் உண்டு. தமிழ்வழிப் பள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆசிரியரை ஊதியத்துடன் அனுப்பும்படி கல்வித்துறையிடம் நம் சங்கம் மனு கொடுக்கலாம்.