பொறியின் மூச்சு

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை அடுத்துச் சோழவரம் என்னும் ஊர் உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வானூர்திகள் இறங்குவதற்காக அங்கே நீண்டதொரு தளம் அமைக்கப்பெற்றது. போர் முடிந்தது, வானூர்திகளின் வரவும் நின்றது, தளம் மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அத்தளத்தைப் பந்தயக் களமாக்கினர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை அமையும் வரையில், தென்னாட்டில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரமே மக்கள் நினைவுக்கு வந்தது.

அங்கே வெளிநாட்டுப் பந்தய வண்டிகளும் சில ஓடின. ஆயினும், அயல்நாட்டு வண்டிகளை இறக்குமதி செய்வதற்கு அரசாங்கம் கடுங்கட்டுப்பாடு விதித்திருந்த காலம் அது. ஆகவே ஓட்டுநர் பலர், குடும்பத்தோடு கோயிலுக்கும் திருமணத்திற்கும் சென்றுவரப் பயன்பட்ட பியட் 1100, அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய வண்டிகளையே பந்தயத்திற்கு ஆயத்தம் செய்தனர். வீட்டு வாயிலில் நின்ற சாதுவான வண்டி, களத்தில் எவ்வாறு சீறிப் பாய்ந்தது? அதன் எஞ்சினைப் பெரிதாக்கினரா? பெரும்பாலும் இல்லை. எஞ்சினின் தலையில் கைவைத்தனர்.

சிலிண்டர்த் தலை என்பது யாது? எஞ்சினின் உடல், சிலிண்டர்கள் எனப்படும் உருளைத் துளைகளைக் கொண்ட இரும்புக் கட்டை. அத்துளைகளின் மேல்வாயை மூடும் கனத்த மூடியே தலை. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் வழியிலுள்ள மங்கலம்பேட்டை போன்ற ஊர்களிலும், பட்டறைக்காரர் பழைய காரையோ கிணற்றடி எண்ணெய் எஞ்சினையோ பிரிக்குங்கால் மாணவர் இதனைக் காணலாம். மூடி என்று சொல்லி எளிதாக எண்ணிவிடலாகாது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உட்புகும் வழி, எரிந்த புகை வெளியேறும் வழி, அவ்வழிகளைத் திறந்து மூடும் வால்வுகள், கலவை வெடித்தெரியும் அறை, அறையைக் குளிர்விக்கும் நீர் ஓடும் பாதை ஆகிய யாவும் அம்மூடிக்குள்ளேயே அடங்கியுள்ளன. மனிதன் மூச்சு விடுவது மூக்கால். எஞ்சின் மூச்சு விடுவது தலையால்.

பியட் 1100 எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 68 மில்லிமீட்டர். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 75 மில்லிமீட்டர். கணக்கிட்டால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 272 கன சென்டிமீட்டர், நான்கிற்கும் 1,089. இந்த எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கி ஒரு மூச்சு இழுப்பதற்கு அப்பொழுது கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கே! இமைப்பொழுதினும் மிகக் குறைந்த அந்நேரத்திற்குள் சிலிண்டர் நிறையக் கலவை புகுதல் வேண்டும். புகும் வழி குறுகியிருப்பின், அல்லது கரடுமுரடாக இருப்பின், சிலிண்டர் அரைவயிறே உண்ணும். வலிமையும் அந்த அளவே பிறக்கும்.

ஆதலின் பந்தயப் பட்டறையில் முதல் வேலை, மூச்சு வழியைச் செப்பனிடுதல். தொழிற்சாலையில் மணல் அச்சில் வார்க்கப்பெற்ற தலையில் பொருக்கும் மேடும் எஞ்சியிருக்கும். கலவையைக் கொணரும் குழாய் தலையோடு பொருந்தும் இடத்தில் இரு துளைகளும் நேர்படாமல் சிறு படி நிற்றலும் உண்டு. சுழலும் சாணைக்கல்லால் இவற்றைத் தேய்த்து நீக்குவர். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் இங்கேதான் பெரும்பாலும் தவறுவர். வழியை எவ்வளவு அகலமாக்குகிறோமோ அவ்வளவும் நன்மையே என்று எண்ணி, கண்டபடி குடைந்துவிடுவர். அகன்ற வாய்க்காலில் நீர் மெல்ல ஓடுவதுபோல, அகன்ற வழியில் கலவையும் மெல்லச் செல்லும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது சிலிண்டர் நன்கு நிறையாது. அத்தகைய வண்டி களத்தில் வென்றாலும் கடைத்தெருவில் திக்கித் திணறும். அனுபவமுள்ள கைவினைஞர் வழி முழுவதையும் அகலமாக்க முற்படுவதில்லை. வால்வு அமரும் இருக்கையை ஒட்டிய வளைவிலேயே மிகுந்த பொழுதைச் செலவிடுவர். காற்று திரும்ப இடர்ப்படும் இடம் அதுவே.

வால்வு எவ்வளவு உயர்ந்து திறக்க வேண்டும் என்பதற்கும் எளிய கணக்கு ஒன்றுண்டு. வால்வின் சுற்றளவை அது எழும்பிய உயரத்தால் பெருக்கினால், காற்றுப் புகும் இடைவெளியின் பரப்புக் கிடைக்கும். அப்பரப்பு வால்வுத் துளையின் வட்டப் பரப்பிற்குச் சமமாவது, உயரம் விட்டத்தில் கால்பங்கு ஆகும்போது. 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வு 8 மில்லிமீட்டர் எழும்பினால் அந்நிலை வந்துவிடும்.

இரண்டாம் வேலை, அமுக்க விகிதத்தை உயர்த்துதல். பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள மொத்த இடத்தை, அது உச்சியில் நிற்கும்போது எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவதே இவ்விகிதம். கலவையை எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ அவ்வளவு வெப்பம் உழைப்பாக மாறும். விகிதம் 7 உள்ள எஞ்சினில், 272 கன சென்டிமீட்டர் சிலிண்டருக்கு எரியறை 45 கன சென்டிமீட்டர் அளவினது. அதனை 8 ஆக்க வேண்டின், அறை 39-ஆகக் குறைதல் வேண்டும். அறையின் வாய் 32 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், தலையின் அடிப்புறத்தில் சற்றேறக்குறைய 2 மில்லிமீட்டர் கடைந்து எடுத்தால் போதும். பார்ப்பதற்கு எளிய வேலையே. ஆனால் கடைந்தெடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட இயலாது. ஆகவே அளப்பதிலேயே நாட்கள் கழியும். துளையிட்ட கண்ணாடித் தட்டை அறையின் வாயில் பதித்து, ஆய்வுக்கூடத்து அளவுக் குழாயிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நான்கு அறைகளும் ஒரே கொள்ளளவு உடையனவா என்று பார்ப்பர். குறைந்த அறையை மட்டும் தேய்த்து மற்றவற்றோடு சமன் செய்வர்.

விகிதத்தை 8-இலிருந்து 12-க்கும் 15-க்கும் உயர்த்தினால் என்ன? அதற்கு இயற்கையே தடை விதிக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட கலவை, தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்னரே தானாக வெடிக்கும். சம்மட்டியால் அடிப்பது போன்ற ஒலி எழும். பிஸ்டனின் தலையில் துளை விழுதலும் கூடும். ஆங்கிலப் பொறியறிஞர் ஹாரி ரிக்கார்டோ, முதல் உலகப்போருக்குப் பின் இதனை முறையாக ஆராய்ந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை அவர் இதற்கெனவே சமைத்தார். எந்தப் பெட்ரோல் எத்துணை அமுக்கத்தைத் தாங்கும் என்பது அதனால் விளங்கிற்று. ஆகவே, தலையைக் கடையுமுன் எந்தப் பெட்ரோல் கிடைக்கும் என்று கேட்பவரே நல்ல பட்டறைக்காரர்.

இவற்றோடு வேலை முடிவதில்லை. தலை தாழ்ந்தால் வால்வு பிஸ்டனுக்கு அருகில் வரும். இரண்டும் மோதினால் எஞ்சின் நொறுங்கும். வால்வை இயக்கும் தண்டுகள் நீளம் மிகுந்தனவாகிவிடும். அவற்றையும் குறைத்தல் வேண்டும். நிமிடத்திற்கு 6,000 சுழற்சியில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு ஐம்பது முறை திறந்து மூடுகிறது. சுருள்வில் வலுவற்றதாயின் வால்வு உரிய காலத்தில் இருக்கையில் அமராது மிதக்கும்.

இந்தச் சிறிய எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பதைச் சோழவரத்திற்கு முன்னரே இத்தாலி நாடு கண்டிருந்தது. 1937-இல் தாந்தே ஜாகோசா என்னும் பொறியாளர் வகுத்தபோது அதன் வலிமை 32 குதிரைத்திறன். அதே 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டு 1946-இல் சிசிட்டாலியா டி46 என்னும் பந்தய வண்டி செய்யப்பெற்றது. வலிமை அறுபது குதிரைத்திறனளவு உயர்ந்தது. மறு ஆண்டில், ஆயிரம் மைல் பந்தயமாகிய மில்லே மிலியாவில், அவ்வெஞ்சின் பூட்டிய சிசிட்டாலியாவை ஓட்டிய தாசியோ நுவோலாரி, தம் ஐம்பத்துநான்காம் வயதில் இரண்டாமிடம் பெற்றார். அவரை முந்திய ஆல்பா ரோமியோவின் எஞ்சினோ எட்டுச் சிலிண்டர்களும், அவருடையதைப் போல் இருமடங்கிற்கும் மேற்பட்ட கொள்ளளவும் உடையது. தோல்வி என்று இதனைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

நம் நாட்டில் அந்த எஞ்சினின் வழிவந்தது பம்பாய் பிரிமியர் தொழிற்சாலையில் பல்லாண்டு உருவாகி, பிற்காலத்தில் பத்மினி என்ற பெயரில் ஓடியது. 2000-ஆம் ஆண்டையொட்டி அதன் உற்பத்தி நின்றது. மும்பைத் தெருக்களின் கடைசிப் பத்மினி வாடகை வண்டியும் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. எனவே பழைய தலையைப் பந்தயத்திற்குத் திருத்துவோர் இன்று இரட்டிப்பு விழிப்போடு இருத்தல் வேண்டும். அளவு தவறிக் கெட்ட தலைக்கு மாற்றாகப் புதியதொன்றைத் தொழிற்சாலையிலிருந்து தருவிக்க வழியில்லை. மற்றொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. முன்னாளைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது வெடிப்பைத் தடுத்ததோடு, வால்வின் இருக்கை தேயாமலும் காத்தது. ஈயம் நஞ்சாதலின் 2000-இல் இந்தியா முழுவதும் அது விலக்கப்பட்டது. மக்களின் உடல்நலத்திற்கு அது செய்யத்தக்கதே. ஆயினும் பழைய எஞ்சின்களின் மெல்லிய இருக்கைகள் அதன்பின் விரைவில் தேயலாயின. பந்தய வேகத்தில் இத்தேய்வு இன்னும் மிகும். ஆகவே பழைய இருக்கையைக் கடைந்தெடுத்து, கடினப்படுத்திய உலோக வளையத்தை இறுகப் பொருத்துவர். தலையைச் சூடாக்கி, வளையத்தைக் குளிரவைத்துப் பதித்தால், இரண்டும் ஒரே வெப்பநிலை அடைந்தபின் வளையம் அசையாது.

பின்னர் வால்வுகள் தேய்த்து அமர்த்தப்பெறும். புதிய கேஸ்கெட்டின்மேல் தலை இறக்கப்பெறும். நடுவிலுள்ள நட்டுகளில் தொடங்கி ஓரங்களை நோக்கி, ஒரே மூச்சில் அன்றிச் சிறிது சிறிதாகப் பலமுறை, அளவுகாட்டும் திருகியால் முறுக்குவர். எஞ்சினை ஒருமுறை ஓடவிட்டு, சூடேறி ஆறியபின், எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்த பிறகே வண்டி களத்திற்குப் புறப்படும்.