இலந்தையும் அதன் ஊடுபயிர்களும்

மானாவாரி நிலங்களின் வேலியோரங்களில் யாரும் நடாமலே முளைத்து நிற்பது இலந்தை. முள்ளுக்கும் விறகுக்குமே உரிய மரமென்று குடியானவர்கள் பலர் அதனைக் கருதிவருகின்றனர். வேர் ஆழச் சென்று ஈரம் தேடுவதாலும், கோடையில் இலையுதிர்த்து ஓய்ந்திருப்பதாலும், பிற பழமரங்கள் பட்டுப்போகும் வறட்சியிலும் இது பிழைத்துக்கொள்ளும். ஆயினும் மரம் பலன் தரும்வரை குடும்பச் செலவுக்கு வழி யாது? இதற்கு விடை கூறாமல் மரம் நடச் சொல்வது, கடன் வாங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

26 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 64 மரங்களே நிற்கும். முதல் மூன்று வருஷங்களில் வரிசைகளின் நடுவே நிலம் வெறுமையாகக் கிடக்குமாதலால், புரட்டாசி மழையோடு அதில் உளுந்தோ பாசிப்பயறோ விதைக்கலாம். இவை மூன்று மாதத்திற்குள் வீடு வந்து சேரும். இவற்றின் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனை ஈர்த்துத் தருகின்றன. அறுவடைக்குப் பின் செடியை மடக்கி உழுதால் மண்ணுக்கும் அவ்வுரம் கிட்டும். சோளம், கம்பு முதலிய உயர்ந்த பயிர்கள் இளங்கன்றுக்கு நிழல் கட்டும். ஆகவே அவை வேண்டா. கன்றைச் சுற்றி மூன்றடி இடம் விடுதல் அவசியம்.

இலந்தையின் ஆணிவேர் இடம்பெயர்ப்பைப் பொறுக்காது. எனவே நிற்க வேண்டிய குழியிலேயே விதை ஊன்றுக. கொட்டைகளை உப்பு நீரில் இட்டு, மிதப்பவற்றை நீக்குக. கொட்டையோடு ஊன்றினால் முளைக்க மூன்று நான்கு வாரமாகும். ஓட்டை மெல்ல உடைத்துப் பருப்பை ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். தண்டு பென்சில் கனம் அடைந்ததும் நல்லின மரத்தின் மொட்டை அதில் ஒட்டுக் கட்டுக. வேலியிலுள்ள காட்டிலந்தையையும் முழங்கால் உயரத்தில் வெட்டி, துளிர்க்கும் கிளையில் இவ்வாறே ஒட்டலாம். உம்ரான், கோலா, பனாரஸி ஆகியவை பெயர் பெற்ற இனங்கள். பல இனங்கள் தம் மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. ஆதலின் இரண்டு இனங்களைக் கலந்து வைப்பதே நலம்.

வருஷந்தோறும் கவாத்துச் செய்வதில்தான் நம்மவர் மனம் தயங்குகிறது. காய்ப்பது புதுக்கிளையில், பழங்கிளையைக் காத்துப் பயனில்லை. பழம் ஓய்ந்ததும் பங்குனியில் துணிந்து வெட்டுக. தழை ஆட்டுக்கு உணவாகும். முட்கிளைகளைச் சேர்த்து வைத்தால் புரட்டாசியில் பயறுக்கு வேலியாகும். உதிர்ந்த சொத்தைப் பழங்களை ஆழப் புதைத்து, மரத்தடியைக் கோடையில் கொத்திவிடுக. பழ ஈயின் கூட்டுப்புழு அம்மண்ணில்தான் தங்கும்.

பூவிலேயே மரத்தைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் பெறுவோர் உண்டு. பண நெருக்கடியில் பேசிய விலை வியாபாரிக்கே அனுகூலம். பயறு விற்ற தொகை மார்கழியில் கையிலிருந்தால், தை மாசியில் பழத்தை எடைபோட்டு விற்கலாம். விலைபோகாத சிறு நாட்டுப்பழத்தை மிளகாய், உப்பு, பெருங்காயம், வெல்லம் சேர்த்து உரலில் இடித்து, தட்டி வெயிலில் உலர்த்தினால் இலந்தை வடை. அதற்கு ஒட்டுப்பழத்தினும் நாட்டுப்பழத்தின் புளிப்பே உகந்தது. ஆதலால் வேலியில் இரண்டொரு நாட்டுமரங்களை ஒட்டாமல் விட்டுவைக்கலாம்.