லோபாக்கில் கேட்காதது லுக்குட்டில் கேட்கும்

“லாபுவுல இன்னொரு ஏர்போர்ட் வருதாமே?” சிரம்பான் லோபாக் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் எப்போதோ செத்திருக்கும். ஏர் ஆசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து சிரம்பானுக்கு அருகே லாபுவின் தோட்ட நிலத்தில் மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று தனி நிலையம் கட்டத் திட்டம் போட்டது உண்மைதான். ‘கே.எல்.ஐ.ஏ. ஈஸ்ட்’ என்று பெயரும் வைத்தார்கள். மதிப்பு 160 கோடி வெள்ளி. அரசாங்கமும் முதலில் தலையசைத்தது. 2009 ஜனவரி முடிவதற்குள் அதே அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. பதிலுக்கு கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வின் வளாகத்துக்குள்ளேயே கே.எல்.ஐ.ஏ.2 எழுந்து, 2014 மே 2ஆம் தேதி திறந்தது. கூடவே மூன்றாவது ஓடுபாதையும் வந்தது.

இதற்கு ஒரு தம்பி வதந்தியும் உண்டு: சத்தத்துக்குப் பயந்து மக்கள் எதிர்த்ததால்தான் லாபு திட்டம் நின்றது என்பது. அப்படி நின்றிருந்தால் எனக்கும் சந்தோஷமே. ஆனால் அன்றைய சண்டை பணத்தையும் இடத்தையும் பற்றியது. கே.எல்.ஐ.ஏ.வுக்கு செப்பாங்கில் ஏறத்தாழ 10,000 ஹெக்டர் நிலம் ஒதுக்கி, ஐந்து ஓடுபாதை, ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள் என்று ஆரம்பத்திலேயே வரைபடம் போட்டிருந்தார்கள். 2009இல் அதில் இரண்டே ஓடுபாதைகள்தான் இருந்தன. இவ்வளவு இடம் சும்மா கிடக்கும்போது பக்கத்திலேயே இன்னொன்று எதற்கு என்பதுதான் கேள்வி. சத்தம் அந்தச் சண்டையில் முன்வரிசைக்கு வரவே இல்லை. அதனால்தான் இன்றைக்கும் நம்மிடையே விமானச் சத்தம் பற்றிய அறிவு கேள்விப்பட்டதோடு நிற்கிறது.

அதில் முதல் கேள்விப்படல், தூரம். வீடு வாங்கப் போகிறவர் கேட்பது “ஏர்போர்ட் எவ்வளவு தூரம்?” என்பதைத்தான். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து லோபாக் வான்வழியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நேர் கிழக்கே. போர்ட்டிக்சன் மாவட்டத்து லுக்குட்டும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். ஆனால் இரண்டு ஊரும் ஒன்றல்ல. கே.எல்.ஐ.ஏ.வின் மூன்று ஓடுபாதைகளும் வடமேற்கு தென்கிழக்காகப் படுத்திருக்கின்றன. தென்கிழக்கு முனையிலிருந்து ஒரு கோட்டை நீட்டிக்கொண்டே போனால் அது லுக்குட், போர்ட்டிக்சன் பக்கம் போய்ச் சேரும். விமானங்கள் இறங்கும்போது வழக்கமாக 3 பாகைச் சரிவில், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. அந்தச் சரிவில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 52 மீட்டர் உயரம். ஓடுபாதையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் தலைக்கு மேல் சுமார் 1,000 மீட்டரில் போகும் விமானம், 10 கிலோமீட்டரில் இருப்பவருக்குப் பாதி உயரத்தில் போகும். நீலாய் இந்த இரண்டு ஊரையும்விட நிலையத்துக்கு நெருக்கம். ஆனாலும் வடகிழக்கில், கோட்டுக்கு விலகி நிற்கிறது. ஏறிய விமானம் திரும்பும்போது அங்கே சத்தம் கேட்கும். ஆனால் வரிசை பிடித்து இறங்கும் சத்தம் வேறு.

இதில் காற்றும் விளையாடும். விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். காற்று மாறினால் இறங்கும் வரிசையும் மறுமுனைக்கு மாறிவிடும். ஆகவே தாமான் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை வானம் அமைதியாக இருந்தது என்பதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். இன்னொரு நாள், இரவு பத்து மணிக்கு மேல் போய் நின்று பாருங்கள்.

“தோட்டத்துக்குள்ள இருக்கோம், மரம் சத்தத்தை வாங்கிக்கும்.” பால்மரக் காலத்திலிருந்து செம்பனைக் காலம் வரை வந்திருக்கும் நம்பிக்கை இது. நெடுஞ்சாலைச் சத்தத்தை அடர்த்தியான மரக்கூட்டம் ஓரளவு குறைக்கும், ஏனென்றால் அது பக்கவாட்டில் வருகிறது. விமானச் சத்தம் மேலிருந்து வருகிறது. தலைக்கு மேல் போகும் விமானத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே எந்தச் செம்பனையும் இல்லை, கூரை மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கூரையும் தகரமாக இருந்தால், ஜன்னலும் காற்றுக்காகத் திறந்தே கிடந்தால், வெளியே உள்ளது பெரும்பாலும் உள்ளேயும் வந்துவிடும். ஐரோப்பாவில் கொடுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் யோசனை நம் ஊர்ச் சூட்டில் ஏர்கான் வாங்கும் யோசனையாகத்தான் முடியும். மின்கட்டணத்தை யார் கட்டுவது?

இனி எனக்கு மிகவும் எரிச்சல் தரும் வாக்கியம்: “பழகிப் போயிடும்.” பெரியவர்களுக்குக் காது பழகலாம். பிள்ளைகளுக்கு? 1992 மே மாதம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு வேறிடத்தில் புதிது திறந்தார்கள். ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. இரண்டு இடத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பழைய நிலையத்தருகே, விமானம் நின்றபிறகு பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. புதிய நிலையத்தருகே அதே திறன்கள் சரிந்தன. பின்னர் லண்டன் ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றி 9, 10 வயதுப் பிள்ளைகள் 2,800க்கும் மேற்பட்டோரைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. விமானச் சத்தம் கூடக் கூட, படித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைவதை அதுவும் காட்டியது. சாலைச் சத்தத்துக்கு அந்த விளைவு இல்லை. ஆசிரியை வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, விமானம் போகட்டும் என்று காத்திருந்து, மறுபடி தொடங்குவதை யோசித்துப் பாருங்கள். லாபு வட்டாரத்தில் லாபு தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் உண்டு, கெர்பி தோட்டத் தமிழ்ப்பள்ளி உண்டு. 2009இல் அந்த நிலையம் எழுந்திருந்தால் ஓடுபாதை எந்தத் திசையில் படுத்திருக்கும் என்பதுதான் அந்த வகுப்பறைகளின் விதியாகியிருக்கும்.

தூங்கிவிட்டால் எதுவும் கேட்காது என்பதும் இதே குடும்பத்து நம்பிக்கைதான். ஐரோப்பிய விமான நிலையங்களின் அருகே தூங்கிக்கொண்டிருந்தவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்த ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. விமானம் கடந்த சில நிமிடங்களில், அவர்கள் விழிக்காவிட்டாலும், மேல் அளவு சராசரியாக 6 புள்ளி ஏறியிருந்தது. ஹீத்ரோவைச் சுற்றி 36 லட்சம் பேர் வாழும் பகுதிகளின் மருத்துவமனைப் பதிவுகளை 2013இல் பார்த்தபோது, சத்தம் மிகுந்த இடங்களில் பக்கவாதம், இதய நோய் இரண்டும் கூடுதலாகத் தெரிந்தன. இதை மட்டும் வைத்து சத்தம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ரத்தக் கொதிப்பு மாத்திரை இல்லாத வீடு அபூர்வம் என்றாகிவிட்ட நம் சமூகத்தில், இதை அலட்சியமாகக் கடந்து போக எனக்கு மனமில்லை.

அதிகாரிகள் மேசையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எண்ணாக வரும்: “சராசரி 48 டெசிபெல்தான்.” 48 என்றால் அமைதியான அலுவலகம் போல. கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். எட்டு மணி நேர இரவு முழுவதும் 35 டெசிபெல் அமைதி. நடுவில் ஒரே ஒரு விமானம், ஒரு நிமிடம், 75 டெசிபெல். சராசரி போட்டால் 48 வரும். எண் சாதுவாக இருக்கிறது, குழந்தை எழுந்து அழுதது அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் விமானச் சத்தத்துக்குப் பரிந்துரைத்த இரவு அளவு 40க்குக் கீழே என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிட்னியில் 1994இல் மூன்றாவது ஓடுபாதை திறந்தபோது, சராசரிக் கோட்டுக்கு வெளியே இருந்த வீட்டுக்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். அதன்பிறகு ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறையே, சராசரியோடு நிற்காமல் ஒரு நாளைக்கு எத்தனை விமானங்கள் 70 டெசிபெலைத் தாண்டுகின்றன என்று எண்ணிச் சொல்லும் முறையை முன்வைத்தது. பாட்டிக்கும் புரியும் கணக்கு அது.

புதிய விமானங்கள் சத்தமில்லாதவை என்பது பாதி உண்மை. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1971 முதல் ஒலி விதிகளைப் படிப்படியாக இறுக்கி வந்திருக்கிறது. இன்றைய எஞ்சின் அன்றையதைவிட நிச்சயம் சாது. ஆனால் மலிவுக் கட்டணம் என்பதே அடிக்கடி பறப்பதில் பிழைக்கும் தொழில். ஒரே வகை விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் சராசரி 3 டெசிபெல்தான் ஏறும், ஆனால் இரவில் தூக்கத்தைக் கலைக்கக்கூடிய தடவைகள் இரட்டிப்பாகும். கே.எல்.ஐ.ஏ. 24 மணி நேரமும் இயங்குகிறது. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை சட்டப்படி கட்டுப்பாடு உண்டு. பிராங்க்பர்ட்டில் 2011இல் புதிய ஓடுபாதை திறந்தபோது இரவு 11 முதல் 5 வரை விமானத்துக்குத் தடை வந்தது. விரிவாக்கமும் இரவுத் தூக்கமும் ஒரே ஊரில் இருக்க முடியாது என்பதும் ஒரு நம்பிக்கைதான்.

கடைசியாக, “ஏர்போர்ட் வந்தப்புறம் வீடு வாங்கிட்டு இப்ப புலம்பினா எப்படி?” சுபாங் விமான நிலையத்தைப் பாருங்கள். 1998இல் கே.எல்.ஐ.ஏ. திறந்ததும் பெரிய விமானங்கள் அங்கே குடிபோயின. அடங்கிப்போன சுபாங்கைச் சுற்றிக் குடியிருப்புகள் வளர்ந்தன. 2024இல் ஜெட் விமானப் பயணச் சேவை சுபாங்குக்குத் திரும்பியது. இதில் முந்தி வந்தவர் யார், பிந்தி வந்தவர் யார்? வீடு கட்ட அனுமதி கொடுத்ததும் ஊராட்சி, விமானத்துக்கு அனுமதி கொடுத்ததும் அரசாங்கம்.

தோட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கசப்பாகிறது. லயத்தில் இருந்தவர்கள் எந்த ஏர்போர்ட்டுக்கும் முந்தியவர்கள், ஆனால் நிலப்பட்டா இல்லாதவர்கள். முந்தி இருந்தது மட்டும் யாரையும் காப்பாற்றாது: கே.எல்.ஐ.ஏ.வுக்காக புசுட் கிராமத்துத் தெமுவான் பழங்குடி மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள். மற்ற நாடுகளில் ஒலித்தடுப்புக்கான பணம் பெரும்பாலும் வீட்டு உரிமையாளருக்குத்தான் போகிறது. லயத்துக்கு உரிமையாளர் கம்பெனி; சத்தத்துக்கு உரிமையாளர் உள்ளே படுத்திருப்பவர். இந்த இடைவெளியைச் சட்டத்தில் யாரும் அடைத்ததாகத் தெரியவில்லை.

2,500 மீட்டருக்குக் குறையாத ஓடுபாதை கொண்ட விமான நிலையத்துக்கு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று 1987ஆம் ஆண்டின் ஆணையிலேயே சொல்லியிருந்தார்கள். பெரிய திட்டங்களின் விரிவான அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அப்படி ஒன்று நம் பக்கம் வரும்போது பருமனைப் பார்த்து மிரள வேண்டாம். ஓடுபாதைக் கோடு எந்தத் தாமான், எந்தப் பள்ளி மேல் போகிறது, இரவு 11க்கும் காலை 6க்கும் இடையே எத்தனை விமானம், லயத்தில் இருப்பவர்களை அறிக்கை கணக்கில் எடுத்திருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். கிடைக்காவிட்டால், அந்த மூன்றையும் கேட்டு எழுதி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முத்திரையோடு அனுப்புங்கள்.