மடக்குக் கத்தி வாங்கும்போது



2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்தபோது பலர் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். இப்படி இடம்பெயர்ந்தோருக்குக் கிடைக்கும் நிவாரணப் பொதியில் அரிசி, பருப்பு, பாய் இருக்கும். கத்தி பெரும்பாலும் இராது. ஆனால் புதிய இடத்தில் காலடி வைத்ததும் கத்தியைத்தான் தேடுகிறோம். கூடாரக் கயிறு அறுக்க வேண்டும், உரப்பை பிரிக்க வேண்டும், மரவள்ளி உரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டில் இரவல் கேட்டு நிற்பது மனதுக்குக் கஷ்டமான காரியம். கையில் இருக்கும் சொற்பப் பணத்தில் வாங்கும் முதல் கத்தி பிழைத்துப் போகாமல் இருக்க என்ன பார்க்கலாம் என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கத்தி புதிதல்ல. கவ்வாத்துக் கத்தி, இறப்பர் பால் வெட்டும் கத்தி, கறுவா உரிக்கும் கத்தி என்று பலதும் பழக்கம். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரே வேலைக்கென்று செய்யப்பட்டவை. பால் வெட்டும் கத்தியால் கயிறு அறுத்தால் அதன் கூர் கெடும். மறுநாள் அதே கத்தி மரப்பட்டையில் ஆழமாக இறங்கிக் காயப்படுத்தும், அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. ஆகவே அன்றாடச் சில்லறை வேலைக்குத் தனியாக ஒரு சிறு மடக்குக் கத்தி இருப்பது நல்லது.

முதலில் அலகைப் பாருங்கள். துருப்பிடிக்காத உருக்கில் குரோமியம் பத்து வீதத்துக்கு மேல் கலந்திருக்கும். மழையிலும் வியர்வையிலும் அது தாக்குப்பிடிக்கும். ஆனால் மலிவான அலகுகள் பல மென்மையானவை. இன்று தீட்டினால் நாளை மழுங்கும். சாதாரணக் கரி உருக்கு துருப்பிடிக்கும், ஆனால் வீட்டுத் தீட்டுக்கல்லிலேயே இலகுவாகக் கூர் ஏறும். மழை மிகுந்த நம் மாவட்டங்களிலும் நான் கரி உருக்கையே சொல்வேன். துடைத்து வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டும். காந்தம் ஒட்டினால் நல்ல உருக்கு என்று சில கடைக்காரர் காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள், துருப்பிடிக்காத கத்தி அலகுகளிலும் காந்தம் ஒட்டும்.

பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் என்பவர் விவசாயிகளுக்காக ஒரு கத்தி செய்தார். மரப்பிடி, ஒரேயொரு கரி உருக்கு அலகு, அவ்வளவுதான். இன்றும் அது விற்பனையாகிறது. 1955இல் அதில் ஒரு வளையம் சேர்க்கப்பட்டது. அதைத் திருப்பினால் விரித்த அலகு தானாக மடங்காது.

அந்த வளையத்தின் அருமை எனக்குத் தெரியும். நான் முதன்முதலில் வாங்கியது கத்தரிக்கோல், திருகாணி திருப்பி எல்லாம் அடங்கிய பளபளப்பான கத்தி. பூட்டு இல்லை. கம்பு ஒன்றைக் குத்தித் துளைக்கப் பார்த்தபோது அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதிலிருந்த மற்றக் கருவிகளை நான் இரண்டு தடவைக்கு மேல் பாவித்ததேயில்லை.

எனவே கடையிலேயே விரித்துப் பாருங்கள். அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது. பூட்டு இருந்தால், பூட்டியபின் அலகின் முதுகை மரக்கட்டையில் மெதுவாகத் தட்டுங்கள், மடங்கினால் வேண்டாம். பிடி நான்கு விரலும் அடங்கும் நீளமாயிருக்க வேண்டும், நனைந்தாலும் வழுக்கக்கூடாது. அலகு மூன்று அங்குலம் போதும். மடக்குக் கத்தி விலைக்கு எட்டாவிட்டால் ஊர்க் கொல்லரிடம் பழைய லொறி வில்தகட்டில் ஒரு சிறு கத்தி அடித்து வாங்குங்கள். உறை ஒன்று தைத்துக்கொண்டால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

தீட்டும்போது கல்லை நனைத்து, அலகின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கிப் பிடியுங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். செய்தித்தாளின் ஓரத்தைக் கிழிக்காமல் வெட்டினால் போதும். சாணைச் சக்கரக்காரரிடம் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடம் மென்மையாகிவிடும், பிறகு கூர் நிற்காது. வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுப் பூசுங்கள். தேசிக்காய் வெட்டியபின் அலகில் வரும் கறுப்பு நிறம் துரு அல்ல, பயப்பட வேண்டாம்.

இருபக்கமும் கூருள்ளதையும், பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரிவதையும் வாங்காதீர்கள். பார்ப்பவருக்கு அது ஆயுதம். 2009 வரை நீடித்த யுத்தகாலத்தில் பஸ்ஸை மறித்துப் பைகளைச் சோதித்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. கத்தியைச் சட்டைப்பையில் செருகாமல் வேலைப்பையில் துணி சுற்றி வையுங்கள். தோட்ட வேலை இல்லாத நாளில், கூட்டத்துக்கோ கச்சேரிக்கோ போகும்போது, வீட்டில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றதும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஆஸ்பத்திரியில் ஏற்புவலித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

புதுக்கத்தியைச் சோதிக்க மிளகுக் கொடி நல்லது. நோயற்ற கொடியில், கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டுமுகம் நசுங்கி நார் தொங்கினால் அந்தத் துண்டை நடாதீர்கள், அது அழுகக்கூடும். கத்தியை மறுபடி கல்லில் தீட்டி, கொதிநீர் ஊற்றித் துடைத்துவிட்டு, அடுத்த கொடியை வெட்டிப் பாருங்கள்.