இல்லாத அட்டைக்குக் காத்திருந்த இரவு

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் மதிலும் தெருவுமாக ஓர் ஊர், நடுவில் மூன்று ஓட்டை. கீழே, “சித்தப்பா, எனக்கு அட்டையே வாய்க்குதில்லை. தனிய இருந்து விளையாடுறதைப் பார்த்து அம்மா விசரோ எண்டு கேட்கிறா” என்று எழுதியிருந்தாய். மறுமொழியைப் பொதுவில் எழுதுகிறேன். கூட்டாளிகள் கம்பஸ் என்றும் கனடா என்றும் போன பிறகு பெட்டியோடு தனித்துப்போன பிள்ளைகள் கரவெட்டியில் மட்டும் இல்லை.

அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் தலைமுறைக்கு விளையாட்டு என்றால் முன்னூற்றிநாலு. இஸ்கோப்பனில் 76, கலாவரையில் 76 என்று நாலு வகையும் சேர்ந்தால் 304 புள்ளி. (அந்தப் பெயர்களெல்லாம் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. யாழ்ப்பாணக் கோட்டையைவிட அவைதான் சேதமில்லாமல் நிற்கின்றன.) தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து விடிய விடிய ஆடினோம். நாலு பேர் வேண்டும், அதுதான் அதன் அழகும் வில்லங்கமும். எங்கள் மேசையில் ஒருவன் பாரிசுக்குப் போனான், மற்றவன் ரொறன்ரோவுக்கு. மிஞ்சிய இரண்டு பேரும் சீட்டுக்கட்டைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். தனிய இருந்து விளையாடுவது விசர் என்றால், ஆள் வரும்வரை கட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு என்ன பெயர் என்று அம்மாவிடம் கேள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

கார்கசோன் என் கைக்கு வந்தது சுவிசிலிருந்து வந்த மச்சானின் பெட்டிக்குள், சொக்கிலேற்றுகளுக்கு நடுவில். தெற்குப் பிரான்சிலுள்ள ஒரு மதில் நகரத்தின் பெயர் அது. கிளவுஸ் யூர்கன் விரேட என்ற ஜெர்மானியர் அந்தப் பெயரில் 2000இல் இந்த விளையாட்டைச் செய்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருது கிடைத்தது. பெட்டியில் இரண்டு முதல் ஐந்து பேர் என்றுதான் போட்டிருக்கிறது. இப்போது வருகிற பெட்டிகள் பல ஒருவரிலிருந்தே தொடங்குகின்றன. 2023இல் அதே விருதைப் பெற்ற டோர்ஃப்ரொமான்டிக்கைத் தனியாகவும் ஆடலாம். எங்களுடையது பழைய பெட்டி. தனி ஆட்டத்துக்கு விதியை நாங்களே செய்யவேண்டியதுதான்.

மதிலும் தெருவும் வயலும் கீறிய சதுரத் துண்டுகளைப் பக்கத்துக்குப் பக்கம் பொருத்தி ஊர் கட்டுவதுதான் இந்த ஆட்டம். அந்தத் துண்டுக்குப் பெயர் டைல், நான் அட்டை என்றே எழுதுகிறேன், குறை நினையாதே. எங்கள் ஊரில் டைல்ஸ் என்றால் வெளிநாட்டுக் காசில் கட்டிய வீட்டின் குளியலறை.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போதுதான் நான் தனியாக ஆடப் பழகினேன். பழைய சாரத்தில் ஒரு பை தைத்து, அட்டைகளை அதற்குள் போட்டேன். தொடக்க அட்டை மேசையில், மிச்சம் 71 பைக்குள். முதல் கிழமை இரண்டு நிறத்தில் ஆடினேன், இடது கைக்குச் சிவப்பு, வலது கைக்கு நீலம். மூன்றாம் நாளே விளங்கிவிட்டது, நீலம் நான், சிவப்பு பக்கத்துக் காணிக்காரன். சிவப்பின் நகரம் மூடுகிற நேரத்தில் என் இடது கைக்கு எங்கிருந்தோ ஒரு மறதி வந்துவிடும். இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி அரை அடி தள்ளி நடுகிற எங்கள் சனத்தின் புத்தி, பார்க்க ஆளில்லாத மேசையிலும் வேலை செய்கிறது. ஆகவே இரண்டு கையாட்டம் வேண்டாம். ஒரே நிறம் எடு.

ஒரே நிறத்தில் ஆடினால் போட்டி இல்லை, சப்பென்றிருக்கும் என்பாய். அதற்கு இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். ஒன்று, புள்ளி எடுக்க அட்டையில் வைக்கிற ஏழு ஆட்களுக்குப் பதில் நாலே பேர். வயலில் படுத்தவன் ஆட்டம் முடியுமட்டும் எழும்பமாட்டான் என்பதால், நாலில் ஒருவனைப் படுக்க வைப்பதற்கு முன் கை தயங்கும். மற்றது, முடியாத நகரத்துக்குப் பெட்டி விதிப்படி அட்டைக்கு ஒரு புள்ளி கிடைக்கும், அதை நான் கூட்டாமல் கழிக்கிறேன். முடித்தால் அட்டைக்கு இரண்டு, முடிக்காவிட்டால் அட்டைக்கு ஒன்று குறைவு. தொடங்கிய மதிலை மூடாமல் இன்னொன்று தொடங்குகிற ஆசை இதில் கொஞ்சம் அடங்கும்.

இனி உன் மூன்று ஓட்டைக்கு வருகிறேன்.

ஏப்ரல் மாதத்து இரவொன்றில் எனக்கும் அப்படி ஓர் ஓட்டை விழுந்தது. வடக்கே மதில், தெற்கே தெரு, கிழக்கும் மேற்கும் வயல். அதை அடைத்தால் பதினொரு அட்டை நகரம் மூடும், இரண்டு கொடியும் உண்டு, கொடிக்கும் இரண்டிரண்டு, ஆக 26 புள்ளி. பையில் முப்பது அட்டைக்கு மேல் கிடந்தது. எடுத்தேன், வரவில்லை. அடுத்ததையும் எடுத்தேன். நல்ல இடங்களையெல்லாம் விட்டு, அந்த ஓட்டை கெடாமல் சுற்றிச் சுற்றி வைத்தேன். நகரத்துக்குள் நின்ற ஆளும் மாட்டுப்பட்டுப் போனான். மெழுகுதிரி ஒன்று முடிந்து இரண்டாவதும் பாதியானது. கடைசி அட்டையும் வேறாக வந்தபோது எனக்கு வந்த கோபத்தை உன் சித்தியிடம் கேட்டால் சொல்லுவாள். பையை வைதேன், மின்சாரத்தை வைதேன், அரசாங்கத்தையும் விடவில்லை.

கரண்ட் வந்த பிறகு 72 அட்டையையும் நிலத்தில் பரப்பி வகை பிரித்தேன். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் தெரு, மற்ற இரண்டும் வயல் என்று ஓர் அட்டை அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை. மதில் ஒரு பக்கம் மட்டும் உள்ள அட்டையில் தெரு வந்தால், ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போகும், அல்லது மூன்று பக்கமும் பிரியும். ஒரு பக்கத்தால் மட்டும் வந்து மதிலடியில் நிற்கிற தெரு கிடையாது. எந்த நாளும் பையில் இல்லாத அட்டைக்காகத்தான் நான் அரை இரவு காத்திருந்தேன்.

இதிலே எனக்கு வெட்கமானது வேறொன்று. முதலில் அந்த இடத்தில் மூன்று பக்கம்தான் தீர்மானமாகியிருந்தது. மேற்குப் பக்கம் திறந்து கிடந்தவரை, வளைகிற தெருவுள்ள அட்டை ஒன்று பொருந்தியிருக்கும், அதில் மூன்று பையில் இருந்தன. நாலாவது பக்கத்துக்கு வயலைக் கொண்டுவந்து வைத்தவன் நான்தான், மடத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டை சேர்கிறது என்ற ஒரு புள்ளிச் சந்தோசத்தில். உன் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார். மூன்று ஓட்டையில் இரண்டு அதே சாதி. மூன்றாவதில் நாலு பக்கமும் தெரு வந்து முட்டுகிறது. அதற்கு நாற்சந்தி வேண்டும், 72இல் அது ஒன்றே ஒன்று. நீ அதை ஏற்கனவே இடது மூலையில் வைத்துவிட்டாய். பிறகும் பைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

அட்டை வாய்க்கவில்லை என்று எழுதினாயே, அந்தச் சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவை. வளைந்த தெரு ஒன்பது, நேர்த்தெரு எட்டு, முச்சந்தி நாலு, நாற்சந்தி ஒன்று, மடம் ஆறு, நாலு பக்கமும் நகரமான அட்டை ஒன்று. இது வாய்ப்பாடு மாதிரி வாயில் வரட்டும். நாலாவது பக்கத்தை மூடப்போகும் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள அட்டையை மேசைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேள், இதற்குள் வரக்கூடியது எது, அது இன்னும் பைக்குள் இருக்கிறதா? இல்லையென்றால், அந்த இடம் ஓட்டையாகவே கிடக்கட்டும், ஆனால் அதை முழு அறிவோடு விடு. எங்கள் ஒழுங்கையிலும் சொந்தக்காரர் லண்டனில் இருக்கிற வெறுங்காணி ஒன்று முப்பது வருடமாகக் கிடக்கிறது. சுற்றியுள்ள வீடுகள் அதற்காகக் கட்டாமல் இருக்கவில்லை.

வைத்த அட்டையைத் திரும்ப எடுப்பதைப் பற்றி நீயாக ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்கவும் மாட்டேன். என் கொப்பியில் திகதி, புள்ளி, ஓட்டை மூன்றையும் எழுதுகிறேன். இரண்டு நாளுக்குப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் போட்டிருக்கிறது. அது என்னவென்று எனக்கு மட்டும் தெரியும்.

யாழ்ப்பாணத்தைச் சோப்புப் பெட்டி மட்டையில் கீறி நீயே ஒரு விளையாட்டுச் செய்யப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் கீறத் தொடங்கமுன் எண்ணிக்கையை எழுது. எது ஒன்பது, எது ஒன்று என்பதில்தான் ஊரின் குணம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைகள் கிணற்றுக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் மரியாதை செய்து வளைந்து போகிறவை, ஆகவே வளைவு நிறைய வேண்டும். நேர்த்தெருவும் நாற்சந்தியும் பிரதான வீதிப் பக்கத்துக் குறுக்குத்தெருக்களுக்கு மட்டும் போதும். கோட்டையைக் கீறுகிற ஆசை வரும், அதில் கவனம். போர்த்துக்கேயர் கட்டியது சதுரம், உன் அட்டைக்குத் தோதானது. ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக்கிவிட்டார்கள், எந்தச் சதுர அட்டையிலும் விளிம்பு சரிவராது.

மடத்துக்குப் பதில் கோயில் என்றாய். பழைய நல்லூரை நினைத்துப் பார். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர். நாலு திசைக்கும் கோயிலை வைத்து நடுவில் இராசதானி. மடத்தைச் சுற்றி எட்டு அட்டை நிரம்பினால் ஒன்பது புள்ளி என்ற விதியை அப்படியே எடுத்து, ஒரே நகரத்துக்கு நாலு திசையிலும் கோயில் அமைந்தால் தனிப் பரிசு என்று வைக்கலாம். ஆறு கீறாதே. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு ஏது, வழுக்கியாறும் மாரிக்குத்தான் ஓடுகிறது. கிணற்றைக் கீறு. அதுவும் பங்குக் கிணறு. நாலு தோட்டக்காரர் முறை வைத்து இறைக்கிற கிணற்றை நாலு அட்டை சந்திக்கிற மூலையில் வை, ஒவ்வொரு அட்டையிலும் கால் வட்டம். நாலும் சேர்ந்தால்தான் தண்ணீர். தனியாக ஆடுகிறவளுக்கு நாலு பங்கையும் தானே சேர்க்கிற வேலை இருக்கும், நல்லாயிருக்கும் என்று படுகிறது. ஆடிப் பார்த்துவிட்டுச் சொல். வல்லை வெளிக்கு மட்டும் ஒன்றும் கீறாத வெறும் அட்டை நாலைந்து விடு, பஸ்ஸில் காற்று முகத்தில் அடிக்கிற அந்த இடத்தில் கட்டிடம் கீற எனக்கே மனம் வராது.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் சித்தி வீட்டில் மரக்கறிதான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் வந்து நில். உன் பெட்டியையும் கொண்டு வா. போன மாதம் எண்ணிப் பார்த்தபோது என்னுடையதில் 71தான் இருந்தது. கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குப் பின்னாலும் தேடியாயிற்று. காணாமற் போனது நாற்சந்தி. இப்போது எங்கள் வீட்டில் நாலு தெரு ஓரிடத்தில் சந்திக்க வழியில்லை. சோப்புப் பெட்டி மட்டை மிச்சமிருந்தால், வரும்போது ஒன்று கீறிக்கொண்டு வா. பின்பக்கத்துக்கும் நிறம் தீட்டு, இல்லாவிட்டால் பைக்குள் கைவிட்டு எடுக்கும்போது கண் தற்செயலாகப் பார்த்துவிடும்.

அன்புடன்,
சித்தப்பா
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்