இரவல் வாங்கியதை இரவல் கொடுப்பது

அன்புள்ள வாசகருக்கு,

தலைமை அலுவலக சர்வரின் கோப்புறையை உங்கள் கிளை சர்வரில் என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்திருக்கிறீர்கள். அதையே கிளையின் மற்றக் கணினிகளுக்கு எக்ஸ்போர்ட் செய்யப் போனால் லினக்ஸ் முரண்டு பிடிக்கிறது. தானே தாராளமாகப் படித்து எழுதும் கோப்புகளை அடுத்தவருக்குக் கொடுப்பதில் அதற்கு என்ன கஷ்டம் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். விடைக்கு 1980களுக்குப் போக வேண்டும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எஃப்எஸ்ஸை வடிவமைத்தபோது, கிளையண்டுகளைப் பற்றி சர்வர் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். சர்வர் படுத்து எழுந்தாலும் கிளையண்ட் விட்ட இடத்தில் தொடர வேண்டும். அதற்காக ஒவ்வொரு கோப்புக்கும் ஃபைல் ஹேண்டில் என்று சில பைட்டுகளை சர்வர் கொடுத்துவிடும். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி: நாளைக்கு ஆள் மாறினாலும் டோக்கனை நீட்டினால் செருப்பு வந்தாக வேண்டும். வட்டில் உள்ள கோப்புக்கு இதில் சிரமமில்லை. ஹேண்டிலுக்குள் இருக்கும் ஐநோட் எண்ணை வைத்து இஎக்ஸ்டி4 கோப்பை நேரே எடுத்துவிடும்.

உங்கள் கிளை சர்வரிடம் அந்த வட்டு இல்லையே! ஐநோட் எண்ணைச் சொல்லிக் கோப்பைக் கேட்க என்எஃப்எஸ்ஸில் வழி கிடையாது. மூல சர்வர், தான் கொடுத்த ஹேண்டிலைத்தான் கேட்கும். எந்த ஹேண்டிலுக்கு எது என்று நினைவகத்தில் அட்டவணை போட்டு வைக்கலாம். ஆனால் ரீபூட் ஆனதும் அது போய்விடும். கிளையண்டுகள் எல்லாம் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று அலறும். ஆகவே லினக்ஸ், மூல ஹேண்டிலை அப்படியே தன் ஹேண்டிலுக்குள் பொதிந்துவிடுகிறது. இதனால் 22 பைட் கூடும். மொத்தம் நான்கின் மடங்காக உயர்த்தப்படும். இஎக்ஸ்டி4 கோப்பின் 28 பைட் ஹேண்டில் இப்படி 52 ஆகிறது. என்எஃப்எஸ் 3ஆம் பதிப்பின் வரம்பு 64, 4ஆம் பதிப்புக்கு 128. ஒரு முறை கைமாற்றினால் இடம் போதும். மூன்றாவதாக ஒரு சர்வர் அதை வாங்கி 3ஆம் பதிப்பில் கொடுக்க நினைத்தால் 76 ஆகிவிடும், நுழையாது.

உங்களுக்கு வந்த பிழைச்செய்தி எஃப்எஸ்ஐடி, அதாவது கோப்பு முறைமையின் அடையாள எண், கேட்டதும் இந்தக் குடும்பத்துச் சிக்கல்தான். வட்டின் கோப்பு முறைமைக்கு நிலையான அடையாளம் உண்டு. என்எஃப்எஸ் மவுண்டுக்குக் கிடைக்கும் சாதன எண்ணோ அடுத்த முறை வேறாக இருக்கலாம். எனவே எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் நீங்களே ஓர் எண் எழுதிக் கொடுங்கள், வேலை செய்யும்.

வேலை செய்வதுதான் எனக்குக் கவலை. கோப்புப் பூட்டுகளைப் பாருங்கள். சாதாரணமாக ஒரு சர்வர் ரீபூட் ஆனால், பழைய பூட்டுகளைக் கிளையண்டுகள் திரும்பக் கோருவதற்காகக் கொஞ்ச நேரம் புதிய பூட்டு யாருக்கும் தராது. இங்கே ரீபூட் ஆனது நடுவில் இருக்கும் சர்வர். மூல சர்வருக்கு எதுவுமே நடக்கவில்லை. அது எதற்காகக் காத்திருக்க வேண்டும்? அதனால் பழைய கர்னல்களில் கிளைக் கணினிகள் தங்கள் பூட்டுகளை இழந்தன. திறந்திருந்த கோப்பில் எழுதினால் பிழை வந்தது. மூடித் திறந்தால்தான் சரியானது. இப்போதைய கர்னல்களோ இப்படிக் கைமாற்றிய கோப்புகளுக்குப் பூட்டே தருவதில்லை. இதை லினக்ஸ் கர்னலின் ஆவணமே ஒளிக்காமல் சொல்கிறது. போதாததற்கு, கோப்பின் பண்புகளை லினக்ஸ் கிளையண்ட் 3 முதல் 60 நொடி வரை தற்காலிகமாகச் சேமித்து வைக்கும். நடுவில் இன்னொரு கிளையண்ட் உட்கார்ந்தால் அந்தத் தாமதம் இரண்டு அடுக்காகிறது.

இரவல் வாங்கியதை இரவல் கொடுக்கும் இந்த ஆசை புதிதல்ல. பிஎஸ்டி அமைப்புகளில் 71ஆம் பிழை எண்ணுக்கு, பாதையில் தொலை அடுக்குகள் மிதமிஞ்சிவிட்டன என்றே பொருள். அந்த ஒற்றை வரி மறுப்பு எனக்குப் பிடிக்கும்.

படிக்க மட்டுமான கோப்புகள் என்றால் தயங்காமல் செய்யுங்கள். தொலைவில் உள்ள பெரிய படக்கோப்புகளை ஒரு முறை இழுத்து, பக்கத்திலிருக்கும் நூற்றுக்கணக்கான ரெண்டர் கணினிகளுக்குப் பரிமாற இந்த முறை அருமையாக உதவுகிறது. உங்கள் நிறுவல் கோப்புகளும் அந்த ரகம்தான். ‘ஆர்ஓ’ போட்டு எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

ஆனால் பலர் ஒரே சமயத்தில் திருத்தும் கணக்குக் கோப்புகளை இப்படிக் கைமாற்ற வேண்டாம். விபிஎன் வழியாகக் கிளைக் கணினிகள் தலைமை சர்வரையே நேராக மவுண்ட் செய்யட்டும். 4ஆம் பதிப்புக்கு 2049 என்ற ஒரே போர்ட்டைத் திறந்தால் போதும். வேகம் கொஞ்சம் குறையும். அதை உங்கள் கணக்காளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்